ஒரு சொல்லும் ஓர் அம்பும்



ஆடுபுலி ஆட்டத்திற்கு நிலத்திலே கீறிய நாலு கோடுகளேனும் வேண்டும். சதுரங்கத்திற்குப் பலகையும் காய்களும் வேண்டும். பந்தாட்டத்திற்குப் பந்து வேண்டும். பலகையும் இன்றி, பந்தும் இன்றி, ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, பெரும்பாலும் வாய்ச்சொல்லாலேயே ஆடி முடிக்கின்ற ஆட்டம் ஒன்று உண்டு. மாலையில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டியும் அது நீளும். அதில் இராச்சியங்கள் எழும், விழும், வேதாளங்கள் வரும், வீரர்கள் மாள்வர். விளக்கை அணைத்துவிட்டு எழுந்தால் மேசை மேல் எஞ்சியிருப்பவை சில பென்சில்களும், கிறுக்கிய தாள்களும், தேநீர்க் கோப்பைகளுமே. அவ்வாட்டத்திலே ஒரு நாள் நேர்ந்த விபரீதம் ஒன்று, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் உலகின் பல பாகங்களில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. இன்றைய பேச்சு அதனைப் பற்றியதே.

முதலில் ஆட்டத்தின் பிறப்பு வளர்ப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கொன்சின் மாநிலத்திலே லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் வாழ்ந்தார். சிகாகோ நகரிலே காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் வேலை பார்த்து, அவ்வேலையை இழந்து, பிறகு வீட்டின் அடித்தளத்தில் இருந்து சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். போர் விளையாட்டுக்களில் தீராத மோகம் உடையவர். அயல் மாநிலமாகிய மின்னசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்னும் இளைஞர் ஒருவர், படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வீரனைக் கொடுத்துப் பாதாள அறைகளில் உலவவிடும் புது முறை ஒன்றை ஆடி வந்தார். 1972இல் அவர் லேக் ஜெனீவாவுக்கு வந்து அதனை ஆடிக் காட்டினார். அதிலிருந்து விளைந்ததே 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில், நிலவறைகளும் பறவை நாகங்களும் என்ற பொருளில், 1974இல் வெளிவந்த ஆட்டம். ஒரு சிறு பெட்டி, அதனுள் மூன்று கைந்நூல்கள், விலை பத்து டொலர். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பெட்டிகள். அவற்றையும் வீட்டிலிருந்தே கையால் அடுக்கிக் கட்டி அனுப்பினார்கள். இன்று பல நாடுகளிலும் பல மொழிகளிலும் ஆடப்படுவதன் தொடக்கம் இவ்வளவு எளியது.

இதற்கும் ஒரு மூதாதை உண்டு. 1824இல் பிரஷ்யப் படையின் அதிகாரி ஒருவர், சேனாபதிகளின் பயிற்சிக்கென்று தேசப்படத்தின் மேல் ஆடும் போர் விளையாட்டு ஒன்றைச் செம்மைப்படுத்தி அரசுக்குக் காட்டினார். அதிலே இரு தரப்பாரும் தத்தம் கட்டளைகளை ஒரு நடுவரிடம் கொடுக்க, விளைவு இன்னதென்று நடுவரே தீர்ப்பார். எதிரி எங்கே நிற்கிறான் என்பது நடுவருக்குத் தெரியும், ஆடுவோருக்குத் தெரியாது. அந்த நடுவரின் பேரப்பிள்ளைதான், சொல்லப்போகும் கதையில் வரும் நடுவரும்.

ஆடும் முறை இதுதான். மேசையைச் சுற்றி இருப்போரில் ஒருவர் நடுவர். மற்றோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர் என்று. அப்பாத்திரத்தின் உடல்வலி எவ்வளவு, மதிநுட்பம் எவ்வளவு என்பவற்றை எல்லாம் மூன்று பகடைகளை உருட்டி விழும் எண்ணைக் கொண்டு முன்னரே குறித்துக்கொள்வர். நடுவர் தமக்கு முன்னே ஒரு மறைப்பை வைத்துக்கொண்டு, "முன்னே ஒரு நீண்ட வழி தெரிகிறது, இடப்புறம் ஒரு கதவு" என்று வருணிப்பார். ஆடுவோர் தம் வீரன் செய்யப்போவதைச் சொல்வர். கதவைத் திறக்கிறேன் என்றால் திறந்ததாகவே பொருள். அடித்தால் பட்டதா படவில்லையா என்பதைப் பகடை தீர்க்கும்.

அந்தப் பகடைகளைப் பற்றி ஆசிரியத் தொழிலில் உள்ளோர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்த ஆட்டத்திற்கு ஆறு முகப் பகடை மட்டும் போதவில்லை. நாலு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் உள்ளனவும் தேவைப்பட்டன. பண்டைய கிரேக்கக் கேத்திரகணித அறிஞர் ஆராய்ந்த ஐந்து ஒழுங்கான திண்மங்கள்தாம் அவை. சூதாட்டக் கடைகளில் அவை கிடைக்குமா? கிடைக்கவில்லை. பாடசாலைகளுக்குக் கற்பித்தற் சாதனங்கள் விற்ற கலிபோர்னியக் கொம்பனி ஒன்றின் விலைப்பட்டியலிலேதான் கைகாக்ஸ் அவற்றைக் கண்டெடுத்தார். மாணவர் கண்ணுக்குக் கேத்திரகணிதமாய்க் கசந்த பொருள், அதே மாணவர் கையிலே பூதத்தை வீழ்த்தும் கருவியாக மாறியது.

கதைக்கு வேண்டிய மற்றொரு குறிப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவ்வகை ஆட்டங்களிலே கண்ணுக்குத் தெரிவதை நம்புதல் ஆகாது. 1977இல் இந்த ஆட்டத்திற்கென்று ஒரு விலங்கு நூல் வெளியாயிற்று. அதைப் புரட்டினால், பொருட்பெட்டி போலக் கிடந்து, தொட்டவனைப் பற்றிக்கொள்ளும் உயிர் ஒன்று வருகிறது. கூரை போலப் பரந்து மேலே ஒட்டிக்கொண்டிருந்து, கீழே நடப்பவன் மேல் விழுந்து மூடும் உயிர் ஒன்று. தரையாகவே கிடந்து மேலே நடப்பவனைச் சுருட்டிக்கொள்ளும் உயிர் மற்றொன்று. இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும் உண்டு; மலிவுக் கடையில் வாங்கிய ஹொங்கொங் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றின் விசித்திர உருவத்தைப் பார்த்தே அதைப் படைத்தார்கள் என்பது அந்த ஆட்டக்காரர் யாவரும் அறிந்த வரலாறு. ஆகவே பெட்டியும் கூரையும் தரையும் பகையாகக்கூடிய உலகம் அது. அங்கே நடுவர் ஒரு பெயரைச் சொன்னால், கையை வாளின் மேல் வைத்துக்கொண்டு கேட்பதே விவேகம்.

இனி அந்த மாலைக்கு வருவோம். அமெரிக்காவிலே, 1970களிலே, நண்பர் சிலர் கூடி இவ்வாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் தரும வீரன் ஒருவனின் பாத்திரத்தை ஏற்றிருந்தார். தீமையை அழிப்பதும் நன்மையைக் காப்பதும் அவ்வீரனுக்கு விரதம். எதிர்ப்படுவது நன்மையின் பக்கத்தைச் சேர்ந்ததா என்று காட்டிக்கொடுக்கும் மந்திர வாள் ஒன்று அவன் இடையில் இருந்தது. தோளிலே வில், அம்பறாத் தூணியில் மூன்று படி மந்திர வலிமை ஏற்றிய அருமையான அம்புகள்.

நடுவர் ஒரு காட்சியை வருணித்தார். செவ்வையாகப் பேணப்பட்ட ஒரு பூந்தோட்டம். அதன் நடுவே ஒரு சிறு மேடு. அம்மேட்டின் மேலே ஒரு கசீபோ.

கசீபோ என்றால் என்ன? நேயர்கள் பொறுத்தருள வேண்டும். அதன் பொருளை இப்போதைக்குச் சொல்லாமல் விடுவதே கதைக்கு நியாயம். ஏனெனில் அந்த வீரரும் அச்சொல்லை முன்பின் கேட்டவரல்லர். நேயர்களுள் யாருக்கும் அச்சொல் தெரியாதிருப்பின் அவர்கள் அந்த வீரரின் பக்கத்திலேயே நிற்கிறார்கள், நல்ல இடம்தான்.

வீரர் அவசரப்படவில்லை. அந்தக் கசீபோ என்ன நிறம் என்று கேட்டார். இந்தக் கேள்வியை நடுவர் எதிர்பார்க்கவில்லை. சற்றுத் தயங்கி, வெள்ளை என்றார். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று கேட்டார். ஐம்பது யார் அளவு இருக்கும் என்று விடை வந்தது. பருமன் எவ்வளவு? நடுவர் மறுபடியும் தயங்கினார். குறுக்களவு முப்பது அடி, உயரம் பதினைந்து அடி, உச்சி கூர்மையானது என்றார்.

முப்பது அடி அகலம், பதினைந்து அடி உயரம், வெண்ணிறம், உச்சியிலே கூர்மை. தோட்டத்தின் நடுவே அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வீரரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீரர் மந்திர வாளை உருவி, அது நன்மையின் பக்கத்ததா என்று சோதித்தார். நன்மை என்ற பேச்சுக்கே இடமில்லை, அது ஒரு கசீபோ என்றார் நடுவர். நல்லதல்ல என்று தீர்ந்தது! ஆயினும் தரும வீரன் எச்சரிக்காமல் தாக்குவானா? உரத்த குரலில் அதை அழைத்தார். அது பதில் சொல்லாது, அது கசீபோ அல்லவா என்றார் நடுவர். வீரர் வாளை உறையிலிட்டு வில்லை எடுத்து நாணேற்றினார். அப்போதாவது அதனிடம் ஏதும் சலனம் தெரிகிறதா என்று வினவினார். சலனமாவது, அது கசீபோ! நடுவரின் குரல் ஏறத் தொடங்கிவிட்டது.

அம்பு பறந்தது. பகடை உருண்டது, குறி தப்பவில்லை. விளைவு என்ன என்று வீரர் கேட்டார். கசீபோவில் ஓர் அம்பு குத்தி நிற்கிறது என்றார் நடுவர். காயம்? காயமே இல்லை, கசீபோவுக்குக் காயம் எப்படி வரும்? வீரர் கலங்கிப் போனார். மூன்று படி மந்திரம் ஏற்றிய அம்பல்லவா அது! நடுவர் பொறுமை இழந்து, அதை அழித்தே தீரவேண்டும் என்ற ஆசை இருந்தால் கோடரி கொண்டு வெட்டலாம், நெருப்பு வைத்து எரிக்கலாம். ஆனால் அப்படிச் செய்ய யாருக்காவது ஏன் தோன்றவேண்டும் என்றுதான் விளங்கவில்லை என்று சொல்லித் தீர்த்தார்.

வீரரிடம் கோடரி இல்லை. நெருப்பு மந்திரமும் தெரியாது. நெடுநேரம் யோசித்தார். பின்னர், ஓடுகிறேன் என்று அறிவித்தார்.

நடுவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலம் கடந்துவிட்டது என்றார். உறங்கிக் கிடந்த கசீபோவை அம்பால் எழுப்பிவிட்டீர், அது துரத்திப் பிடித்து உம்மை விழுங்கிவிட்டது என்று தீர்ப்புக் கூறினார். வீரர் தளரவில்லை. உடனே பகடைகளைக் கையில் எடுத்தார். மாண்டவனுக்காகப் பழிவாங்க, நெருப்பு மந்திரம் கற்ற மந்திரவாதி ஒருவனைப் பிறப்பிக்க ஆயத்தமானார். அதுவரை சிரிப்பை அடக்கமாட்டாமல் தவித்த தோழர்கள், அப்போதுதான் இடைமறித்து, கசீபோ இன்னதென்று அவருக்கு விளங்க வைத்தார்கள்.

கசீபோ என்பது ஒரு மண்டபம். பூங்காவின் நடுவே, பெரும்பாலும் எட்டுப் பக்கங்கள் வைத்து, தூண்களும் கூர்ங்கூரையும் கட்டி, நாற்புறமும் திறந்துவிட்டு, காற்று வாங்கவும் காட்சி பார்க்கவும் அமைக்கின்ற சிறு மண்டபம். மேல்நாட்டுப் பொதுப் பூங்காக்களிலே பாண்டு வாத்தியம் இசைப்போருக்கென்று கூரையிட்ட மேடை ஒன்று இருக்கும். ஏறக்குறைய அதன் சாயல். அந்தத் தரும வீரன் மாலைவேளையில் ஏறி அமர்ந்து இளைப்பாறியிருக்க வேண்டிய இடத்தின் மேலேதான் அம்பு எய்தான்!

சொல்லின் வரலாறும் சுவையானதே. 1752 அளவிலே ஆங்கிலத்தில் அச்சேறிய இச்சொல், சீனப் பாணியில் தோட்டக் கட்டடங்கள் அமைப்பதை விளக்கும் நூலொன்றில் காணப்படுகிறது. எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுக் கூறுவார் இல்லை. இலத்தீன் மொழியிலே 'விதேபோ' என்றால் 'காண்பேன்' என்று பொருள். அவ்வாறே ஆங்கிலத்தின் 'கேஸ்' என்ற பார்வைச் சொல்லோடு இலத்தீன் வாலை வேடிக்கையாக ஒட்டவைத்து, 'நோக்குவேன்' என்ற கருத்தில் யாரோ புனைந்தனர் என்பது அகராதிக்காரர் பலரின் ஊகம். பகிடியாகப் பிறந்த சொல் பகிடியாலேயே புகழ் அடைந்தது. தமிழ்ச் செவிக்கோ அதன் ஈற்றிலுள்ள 'போ', யாரையோ விரட்டுவது போலவே ஒலிக்கிறது. வீரர் ஓடியதில் வியப்பில்லை.

இக்கதையைக் கேட்பவர் பெரும்பாலும் வீரரைப் பார்த்தே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சிரிப்புக்குரியதே. ஆனால் நடந்ததை மறுபடியும் நிதானமாகப் பார்த்தால், அவரை அறிவிலி என்று தள்ளிவிட இடமில்லை. அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்கள். நிறம், தூரம், பருமன், இயல்பு, அழைத்தால் பதில் வருமா, ஆயுதத்தைக் கண்டு அசையுமா என்று ஒரு முறைப்படியே கேட்கிறார். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் மாணவன் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டால் ஆசிரியர் பாராட்டுவார். வந்த விடைகளும் யாவும் உண்மை. அதிலேதான் வினோதம் இருக்கிறது. வெள்ளை என்ற உண்மை மண்டபத்துக்கும் பொருந்தியது, பூதத்துக்கும் பொருந்தியது. பதில் சொல்லாது என்றதும் அப்படியே. மந்திர அம்பினாலும் காயப்படவில்லை என்ற செய்தி வந்தபோது, அஃது எத்துணைக் கொடிய பூதம் என்பதற்குச் சான்று முற்றுப்பெற்றது. ஒவ்வோர் உண்மையும் தவற்றைத் திருத்தாமல் அதற்கு உரமிட்டே வளர்த்தது. அது என்ன என்ற ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை.

ஏன் கேட்கவில்லை? கூச்சம் என்று சிலர் கூறுவர். நண்பர் நடுவே ஒரு சொல் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வது வளர்ந்த ஆண்மகனுக்கு எளிதன்று. ஆயினும் கூச்சம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. தமக்குத் தெரியாத சொல் ஒன்று குறுக்கிட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை போலும். புதுப் பெயர் கேட்டால் புதுப் பூதம் என்பது அந்த உலகத்தின் வழக்கம். பூதத்தைப் பற்றி நடுவரிடம் விளக்கம் கேட்பது முறையன்று. தாமே சோதித்து அறிவதே ஆட்டம். அதையே அவர் செய்தார்.

நடுவரின் பங்கு இதைவிடக் கனமானது. அவர் எத்தனை முறை அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னார்! ஒவ்வொரு முறையும் முன்னையிலும் உரக்கச் சொன்னார். தூண் என்று ஒரு வார்த்தை, கூரை என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் விஷயம் அந்தக் கணமே தீர்ந்திருக்கும். தமக்குத் தெளிவாய் இருப்பது கேட்பவருக்கும் தெளிவாய்த்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் அவரை அந்தப் பக்கம் திரும்பவே விடவில்லை. கரும்பலகையின் முன் நிற்பவர்களுக்கு இது அந்நியமான காட்சியன்று. விளங்கவில்லை என்று விழிக்கும் பிள்ளைக்கு, விளங்காத அதே சொல்லையே இன்னும் உரத்த தொனியில் ஓதுகின்ற வகுப்பறைகள் எந்த நாட்டிலும் உள்ளன. அங்கே பிள்ளை இறுதியில் செய்வதும் வீரர் செய்ததுதான். ஓடிவிடுகிறது, அல்லது விளங்கிவிட்டது என்று தலையாட்டுகிறது. இரண்டாவதே பெரிய ஓட்டம்.

இறுதித் தீர்ப்பைப் பற்றியும் சிறிது கூறலாம். இந்த ஆட்டத்திலே நடுவர் சொல்வதே உண்மை. அவர் மழை என்றால் அங்கே மழை. மலை என்றால் மலை. ஆகவே எரிச்சலின் வேகத்திலே, கசீபோ விழித்துக்கொண்டது, விழுங்கிவிட்டது என்று அவர் சொன்ன அக்கணத்தில், அந்த உலகிலே மண்டபம் ஒன்று மெய்யாகவே ஒரு மனிதனை விழுங்கிற்று. வீரரின் தவறு அதுவரை தவறாக இருந்தது. நடுவரின் தீர்ப்பு அதை மெய்யாக்கிவிட்டது. அஞ்சிய பூதம் வந்தே விட்டது! நகைச்சுவை அங்கேதான் உச்சிக்குப் போகிறது. நியாயமும் அங்கேதான் வழுக்கி விழுகிறது. தோழர்கள் மட்டும் குறுக்கிட்டிராவிடில், அந்த மனிதர் அன்றிரவு வீடு திரும்பும்போது, தாம் கடந்து சென்ற பூங்கா ஒன்றிலே வெள்ளைத் தூண்களோடு நின்ற மண்டபத்தைப் பார்த்தும், அதுதான் தம்மைத் தின்றது என்பதை அறியாமலே போயிருப்பார்.

இந்நிகழ்ச்சியை 1980களிலே எழுத்தில் வடித்தவர் ரிச்சர்ட் ஆரன்சன் என்னும் அமெரிக்கர். தாமும் விளையாட்டுக்களை வகுத்தவர். ஆட்டக்காரர் நடத்திய சிறு சஞ்சிகைகளிலே வெளிவந்து, கைக்குக் கை மாறி, பின்னர் கணினி வலைகளின் வழியாகவும் பரவி, இது அவ்வுலகத்தின் செவிவழிக் கதையாகவே ஆயிற்று. சொல்வார் வாய்க்கேற்பத் தூரமும் உயரமும் சிறிது கூடிக் குறைவதுண்டு. வெள்ளை நிறம் மட்டும் மாறுவதில்லை.

2001இல் ஸ்டீவ் ஜாக்சன் என்பவர், இவ்வகை ஆட்டங்களையே கேலி செய்து 'மஞ்ச்கின்' என்றொரு சீட்டாட்டம் வகுத்தார். ஜோன் கோவாலிக் என்பவர் அதற்குச் சித்திரம் வரைந்தார். சீட்டுக்கட்டிலே பூதங்கள் வரிசையாக வருகின்றன; அவற்றின் நடுவே, எட்டாம் படி வலிமையோடு, கசீபோவும் ஒரு பூதமாகவே நிற்கிறது. மற்றைப் பூதங்கள் எதிர்ப்பட்டால் பக்கத்தில் இருப்போரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். கசீபோ வந்தாலோ துணை வருதல் ஆகாது. தனியொருவராகவே நின்று அதனோடு பொருத வேண்டும் என்பது அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும் விதி.